மேற்படி லட்சுமியின் குழந்தை

தாம்பரம் வட்டாரத்தில் பிறந்தவர்களில் பாதிப் பேரை, முகத்தைப் பார்க்காமல், பெயரைக் கேட்காமல், குதிகாலை மட்டும் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரோடு எட்டு வருஷம் ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பாக்கியம் என்று இப்போது எழுதுகிறேன். அந்த நாளில் வேறு சில வார்த்தைகள் சொல்லியிருக்கிறேன். அவற்றை இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் அச்சில் ஏற்றமாட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. இருபது கட்டில், ஒரு பெரிய டாக்டரம்மா, ஒரு சின்ன டாக்டர், நாலு நர்ஸ், தாயம்மா என்று ஒரு ஆயா, வாசல் மேஜையில் அட்மிஷன் ரிஜிஸ்டரோடு நான். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைதான் லேப். அதில் இருந்தவர்தான் குதிகால் சார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். ஆனால் வருகைப் பதிவேட்டில் அவர் கிறுக்கும் கையெழுத்திலிருந்து அதைக் கண்டுபிடிக்க எங்களில் யாராலும் முடியவில்லை.

மற்ற லேப்காரர்கள் செய்கிற வேலைகளோடு அவருக்குக் கூடுதலாக ஒரு வேலை இருந்தது. பட்டணத்தில் ஒரு பெரிய பரிசோதனைக்கூடம், பிறந்த குழந்தைகளுக்காக ஒரு திட்டம் தொடங்கி, புறநகர் ஆஸ்பத்திரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. நாங்களும் சேர்ந்தோம். மூன்றாம் நாள் குழந்தையின் குதிகாலில் ஊசி முனையால் லேசாகக் குத்தி, தடித்த உறிஞ்சுதாள் அட்டையில் நாலு சொட்டு ரத்தம் விட்டு, காயவைத்து, பட்டணத்துக்கு அனுப்ப வேண்டும். சில குழந்தைகளுக்குக் கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி பிறவியிலேயே வேலை செய்யாது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதல் சில வாரங்களுக்குள் கண்டுபிடித்து, தினம் ஒரு சின்ன மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். விட்டுவிட்டால் அறிவு வளர்ச்சி குன்றிவிடும், பிறகு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் போனது திரும்பாது. விஷயம் இவ்வளவுதான். இதற்கு ஒரு சாதாரண டெக்னீஷியன் போதும். கடவுள் எங்களுக்கு இவரைக் கொடுத்தார்.

மனிதர்களோடு பேசும்போது எல்லாரும் கண்ணைப் பார்ப்பார்கள். இவர் காலைப் பார்ப்பார். சின்ன டாக்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், இவர் குனிந்துகொண்டே கிட்டே வந்ததைப் பார்த்து இரண்டடி பின்னால் போய், "ஐயோ, அதெல்லாம் வேணாம் சார், நீங்க பெரியவர்" என்று கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். "நான் எங்க விழப் போறேன்? உங்களுக்குப் பித்தவெடிப்பு இருக்கு, மருந்து போடுங்க" என்று சொல்லிவிட்டு இவர் போய்விட்டார்.

எங்கள் நர்ஸ் ஒருத்திக்குக் குரோம்பேட்டையில் கல்யாணம். எல்லாரும் தாலி கட்டுகிற நேரத்துக்கு முண்டியடித்தோம். இவர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை அம்மி மேல் பெண்ணின் காலைத் தூக்கிவைத்து மெட்டி போடப் போனதும், மணமேடைக்கே ஏறிப்போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். போட்டோக்காரர் கெஞ்சிப் பார்த்தார். நகரவில்லை. இன்றைக்கும் அந்த ஆல்பத்தில் நாலு படத்தில் இவர் தலை இருக்கிறது. சாப்பிட்டு வரும்போது, "அந்தப் பொண்ணுக்குக் குதிகால் தோல் ரொம்ப கனம்யா. கொழந்தைக்கும் அப்படியே வந்துதுன்னா எனக்குத்தான் கஷ்டம்" என்றார். அவர் சொன்ன கல்யாண வாழ்த்து அவ்வளவுதான்.

பெரியவர்களிடம் அவருக்கு மரியாதை கொஞ்சம் கம்மி. என்னை "யோவ் ரைட்டர்" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் மூன்று நாள் குழந்தைகள் எல்லாரும் அவருக்கு சாரும் மேடமும்தான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியோடு கட்டில் பக்கம் போய் நிற்பார்.

"வணக்கம் சார். தப்பா நெனைக்காதீங்க. ஒரு ரெண்டு நிமிஷம் காலைக் கொடுத்தீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

துணியால் குதிகாலை ஒத்தி ஒத்திச் சூடாக்குவார். ஊசி இறங்கும். சார் வீலென்று கத்துவார்.

"கரெக்ட் சார். கோவம் நியாயமான கோவம். நானா இருந்தாலும் கத்துவேன்."

வார்டில் இருந்த பெண்களுக்கு இவரைக் கண்டால் ஆகாது. பிறந்து மூன்று நாள் ஆன பச்சைக்குழந்தையிடம் ரத்தம் எடுக்கிறவனை எந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் பிடிக்கும்? "ரத்தக்காரன் வர்றான்" என்று முதல் கட்டிலில் ஒரு குரல் கேட்டால் போதும், கடைசிக் கட்டில் வரைக்கும் குழந்தைகள் மாயமாகிவிடும். புடவை முந்தானைக்குள் ஒன்று, போர்வைக்குள் ஒன்று. ஒருமுறை ஒரு கெட்டிக்காரப் பெண்மணி, முந்தின நாளே குத்து வாங்கியிருந்த பக்கத்துக் கட்டில் குழந்தையை இரவல் வாங்கி, தன் குழந்தை என்று நீட்டினாள். இவர் காலைத் திருப்பிப் பார்த்தார்.

"இவரு ஏழாம் நம்பர் சார் ஆச்சே. நேத்தே பார்த்துப் பேசியாச்சு. உங்க வீட்டு மேடம் எங்கே?"

மேடம் குளியலறையில் தன் சித்தியோடு இருந்தார்.

இந்த மனிதருக்குப் பிடிக்காத வார்த்தை தமிழில் ஒன்றே ஒன்று. சமத்து. குழந்தை பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள் இல்லையா, "பாரேன், எவ்ளோ சமத்து, அழவே மாட்டேங்குது" என்று. அது காதில் விழுந்தால் இவர் கையில் தட்டோடு திரும்பி வருவார். "யாரு சமத்துன்னு சொன்னது? அழறதும் பால் குடிக்கிறதும்தான் அவங்க வேலை. வேலையைச் செய்யலைன்னா ஏன்னு கேக்கணுமா, சமத்துன்னு பட்டம் கொடுக்கணுமா?" வந்தவர்கள் வாங்கி வந்த ஆரஞ்சுப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பார்கள். அப்புறம் நேரே டாக்டரம்மாவிடம் போய்ப் புகார் சொல்வார்கள்.

அட்டை காயவைக்கிற கூத்து தனி. நாலு மணி நேரம் நிழலில், படுக்கைவசமாகக் காய வேண்டும். லேபில் அதற்கென்று ஒரு மரப்பலகை வைத்திருந்தார். காற்றில் தூசி வரும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார். எறும்பு வரும் என்று பலகையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தார். ஐப்பசி மழை தொடங்கினால் மனிதருக்குப் பித்துப் பிடித்துவிடும். பின்பக்கம் இருந்த கேண்டீனில் இட்லி வேகவைத்தால் ஆவி வருகிறது என்று மாஸ்டரோடு சண்டை போட்டு, ஒரு வாரம் எங்கள் எல்லாரையும் ரொட்டி தின்ன வைத்தார். லேப் கதவில் ஒரு போர்டும் மாட்டினார். "உள்ளே பேசாதீர். பேச்சில் ஈரம் உள்ளது." டாக்டரம்மாவே அந்த அறைக்குள் போய்ச் சைகையில்தான் ரிப்போர்ட் கேட்பார்.

காய்ந்த அட்டைகளை ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி, வாரத்துக்கு ஒருநாள் மின்சார ரயிலில் பட்டணத்துக்கு அவரே எடுத்துக்கொண்டு போவார். தபாலில் போட மாட்டார். மடியில்தான் வைப்பார், கீழே வைக்க மாட்டார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். காலை நேரம், நிற்க இடமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆள் இவர் டின்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிஸ்கட்டா சார்?" என்றார்.

"இல்ல. ரத்தம்."

"இன்னாது?"

"கொழந்தைங்க ரத்தம். இருபது கொழந்தைங்களுது இருக்கு."

மாம்பலம் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் காலை நீட்டிக்கொண்டு போனோம்.

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. பட்டணத்திலிருந்து வந்த அத்தனை ரிப்போர்ட்டிலும் நார்மல், நார்மல், நார்மல். டாக்டரம்மா அலுத்துப்போனார். "இத்தனை கம்ப்ளெயிண்ட் வருது, ஒரு கேஸ்கூட இல்லையே. இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு பார்க்கறேன்" என்றார். இவருக்கு அது காதில் ஏறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பம்மல், பல்லாவரம் பக்கம் இருந்த மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் போய், "நீங்களும் சேருங்க" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். பல்லாவரத்து டாக்டர் ஒருவர் கேட்டாராம், "ஆறு மாசத்துல எத்தனை பேருக்கு வியாதி இருந்தது?" இவர், "ஒருத்தருக்கும் இல்ல." அவர், "அப்புறம் எதுக்குய்யா டெஸ்ட்?" இவர், "இல்லைன்னு வேற எப்படி சார் தெரிஞ்சுக்கறது?" அந்த டாக்டர் டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வேறு வழியில்லை. அட்மிஷன் ரிஜிஸ்டரில் என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அதைவிட எனக்குப் பெருமை ஒரு வார்த்தையில். மேற்படி. மேலே எழுதியதையே கீழேயும் எழுத வேண்டி வந்தால், ஒரு "மேற்படி" போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அரசாங்கமே அப்படித்தான் நடக்கிறது. ஊர் மேற்படி, தெரு மேற்படி, கணவர் தொழில் மேற்படி. எனக்கு அந்த வார்த்தையை எழுதும்போது கை இனிக்கும்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் மழைக்கு நடுவே ஒரே காலையில் மூன்று லட்சுமிகள் பிரசவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் லட்சுமிக்குப் பம்மல் விலாசம் முழுசாக எழுதினேன். இரண்டாவது லட்சுமி வலியில் கத்திக்கொண்டிருந்தாள், அவள் வீட்டுக்காரர் அவளை விடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தார். மேற்படி. மூன்றாவதுக்கும் மேற்படி. பெயரும் மேற்படி, விலாசமும் மேற்படி. குழந்தைகளுக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்களே, அதனால் ரத்த அட்டையில் தாயின் பெயரைத்தான் எழுதுவது வழக்கம். ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதிக்கொடுத்தது நான்தான். மூன்று அட்டையிலும் "பேபி ஆஃப் லட்சுமி, பம்மல்" என்று அழகான கையெழுத்தில் போயிற்று.

பதினைந்து நாள் கழித்துப் பட்டணத்திலிருந்து டாக்டரம்மாவுக்குப் போன் வந்தது. பேபி ஆஃப் லட்சுமி, பம்மல். தைராய்டு வேலை செய்யவில்லை. உடனே மறுபடி ரத்தம் பார்த்து மாத்திரை ஆரம்பியுங்கள்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "அந்த லட்சுமி அட்ரஸ் எடுப்பா."

ரிஜிஸ்டரைத் திறந்தேன். என் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. குதிகால் சார் எட்டிப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கினார். லட்சுமி. மேற்படி. மேற்படி.

"யோவ் ரைட்டர். இதுல எந்த லட்சுமி?"

"தெரியலை சார்."

"மூணு பேருமா பம்மல்?"

"முதல் ஆள் பம்மல். மத்த ரெண்டும் நான் சும்மா போட்டது. எந்த ஊரோ. மன்னிச்சிடுங்க சார்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "பதினெட்டு நாள் ஆச்சுய்யா. மூணு பேரையும் பார்த்துடணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டு, துணி, வெந்நீர் பிளாஸ்க் எல்லாவற்றையும் பையில் எடுத்துவைக்க ஆரம்பித்தார். எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை படுத்திருக்கிறது, ஒவ்வொரு நாளும் அதற்கு நஷ்டம், காரணம் என் ஒரு வார்த்தை.

தாயம்மாவைப் பிடித்தோம். எங்கள் ஆஸ்பத்திரியின் உண்மையான ரிஜிஸ்டர் அவள்தான். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தாள்.

"ரெண்டாவது லட்சுமியா? அத்தான் பா, அவ வூட்டுக்காரு கூட கத்திகினு இருந்தாரே, பள்ளிக்கரணைல எருமை வெச்சினு கீறாரு. ஏரியாண்ட. மூணாவது லட்சுமி தெர்ல. அவ புருசன் காட்டாங்கொளத்தூர் காலேஜ்ல மெஸ்ஸாண்ட சமையலுன்னு சொல்லிகினு இருந்தா. பாவம், நல்ல பொண்ணு. கொயந்த கூட அவ்ளோ சமத்து, வாயே தொறக்கல."

குதிகால் சார் பையைக் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். அப்புறம் அவசரமாக முடிச்சைப் போட்டார்.

என் மொபெட்டில் கிளம்பினோம். பின்னால் அவர், மடியில் டின், டின் மேல் மழைக்கோட்டு. கோட்டு டின்னுக்குத்தான். அவர் நனைந்துகொண்டு வந்தார். முதலில் பம்மல். விலாசம் சரியாகத் தெரிந்த ஒரே லட்சுமி. தோல் ஷெட்டில் வேலை செய்கிற அவள் கணவர் முருகனின் வீடு. சந்துக்குள் கணுக்கால் தண்ணீர். முருகன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார் நீங்க, ஆஸ்பத்திரில எடுத்த ரத்தம் பத்தலியா? வூட்டாண்டயே வந்துகினீங்க? பேஜாரா பூட்ச்சு உங்களோட."

உள்ளே குழந்தை சந்தே இரண்டுபடுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. குதிகால் சார் முகத்தில் ஒரு வெளிச்சம். "சார் நல்லா இருக்காரு. இருந்தாலும் கடமை" என்று உள்ளே புகுந்து, இரண்டு நிமிஷத்தில் வேலையை முடித்துக்கொண்டு வந்தார். முருகன் எங்களைச் சந்து முனை வரைக்கும் வாழ்த்திக்கொண்டே வந்தார்.

பள்ளிக்கரணையில் எருமைக்காரர் வீட்டைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆயிற்று. சதுப்பு நிலத் தண்ணீர் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மொபெட்டை ஒரு கடை வாசலில் நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தோம். அங்கே இருந்தது பெண் குழந்தை. இவர் குதிகாலைத் தொட்டதுமே உதைத்தது. "மேடம், உங்களுக்கு ஒண்ணும் இல்ல, எனக்கே தெரியுது" என்று சொல்லிக்கொண்டே நாலு சொட்டு எடுத்தார். சாயங்கால ரயிலில் இரண்டு அட்டைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, எதிரில் இருந்தவர்கள் யாரையும் பேசவிடாமல் பட்டணம் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு இரவு அவர் தூங்கவில்லை என்பது மறுநாள் காலை கண்களைப் பார்த்தாலே தெரிந்தது. நானும் தூங்கவில்லை.

மறுநாள் காட்டாங்குளத்தூர். காலேஜில் எத்தனை மெஸ் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நாலாவது மெஸ்ஸில், ஆளை முக்கி எடுக்கலாம் போன்ற ஒரு அண்டாவில் சாம்பார் கிளறிக்கொண்டிருந்தவர்தான் மூன்றாவது லட்சுமியின் கணவர் சேகர். விஷயத்தைச் சொன்னதும் கரண்டி நின்றது.

"எங்கொயந்தைக்கு இன்னா சார்?"

"இன்னும் தெரியாதுப்பா. டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். அவங்க எங்கே இருக்காங்க?"

"மொத பிரசவமாச்சே சார், அவுங்கம்மா வூட்ல கீறா. பம்மல்ல."

"பம்மல்ல எங்கே?"

"தோல் ஷெட் முருகன் தெரியுமா? அவரு வூட்டுக்கு எதிர் வூடு. அந்த லட்சுமியும் எம் பொஞ்சாதியும் ஒரே ஆட்டோல தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்கோ."

என்னோடு பழகிய அத்தனை வருஷத்தில் குதிகால் சார் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். நான் ரிஜிஸ்டரில் ஆயிரக்கணக்கில் மேற்படி போட்டிருக்கிறேன். ஒரு தெரு, ஒரு சந்து பிசகாமல் நிஜமாகவே மேற்படியாக இருந்தது அந்த ஒன்றுதான். அதையும் "சும்மா போட்டது" என்று நானே சொல்லிக் கெடுத்தேன். முந்தின நாள் காலையில் அந்த வீட்டு வாசலில்தான் மொபெட்டை நிறுத்தியிருந்தேன்.

"திட்டுங்க சார்" என்றேன்.

"அதுக்கு நேரமில்ல. வண்டியை எடு" என்றார்.

பம்மல் சந்தில் எங்களைப் பார்த்ததும் முருகன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எதிர் வீட்டில் லட்சுமியின் அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"கொயந்த தூங்கினு கீது. அப்பால வாங்க."

"எப்போ எழுந்திருப்பாங்க?"

"எய்ந்துக்கவே மாட்டா சார். அவ்ளோ சமத்து. இந்த மாரி கொயந்த நான் பார்த்ததே இல்ல, ஒரு தொல்லை கெடையாது. அத்தப் போய் குத்தி எயுப்பப் போறீங்களா?"

வழக்கமான குதிகால் சாராக இருந்தால் அந்த வார்த்தைக்கு அரை மணி நேரம் பேசியிருப்பார். அன்றைக்கு அக்காவைத் தாண்டி உள்ளே பார்த்தார். சுவரோரம் லட்சுமி உட்கார்ந்திருந்தாள். இருபது வயசு இருக்கும்.

"அம்மா, பால் நல்லா குடிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

லட்சுமி அக்காவைப் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"குடிக்க சொல்லவே தூங்கிடுது சார். நான் கன்னத்த தட்டித் தட்டி எயுப்புறேன். மஞ்சக்காமாலை கூட இன்னும் எறங்கல. எனக்கு மன்சே சரியில்ல. சொன்னா எல்லாரும் என்னத்தான் திட்றாங்க, நல்ல கொயந்தைக்கு நொட்டை சொல்றேன்னு."

"நீ சொன்னதுதாம்மா சரி" என்றார் குதிகால் சார். "பெத்தவ நீ. உனக்குத்தான் தெரியும்."

அவ்வளவுதான், அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். இத்தனை நாளில் அவளை நம்பின முதல் ஆள் இவர்தான் போலிருக்கிறது. அக்கா மெஷினை விட்டு எழுந்து வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் குழந்தையின் காலைக் கையில் எடுத்தார். ஜில்லென்று இருக்கிறது என்று எனக்குக் காட்டினார். வழக்கத்தை விட அதிக நேரம் வெந்நீர்த் துணியால் ஒத்தினார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க" என்றார். ஊசியை இறக்கினார்.

குழந்தை அழவில்லை.

நாங்கள் எல்லாரும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெதுவாக முகம் சுளித்தது. அப்புறம், கரகரத்த குரலில், மிகவும் சன்னமாக ஒரு சத்தம் வந்து அடங்கியது. குதிகால் சார் என் பக்கம் திரும்பி, "ஆட்டோ பிடிய்யா" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டரம்மா வாசலுக்கே வந்துவிட்டார். பட்டணத்திலிருந்து போன் வந்திருந்தது. மற்ற இரண்டு குழந்தைகளும் நார்மல். "அப்போ இதுதான்" என்றார். நரம்பிலிருந்து இன்னொருமுறை ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்தார். பெரிய டாக்டரம்மாவே உட்கார்ந்து மாத்திரையைப் பொடித்து, சங்கில் தாய்ப்பாலில் கலக்கி, லட்சுமிக்கு எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். குழந்தை சப்புக்கொட்டி விழுங்கியது. "காலம் தாண்டலை. நல்லவேளை" என்று டாக்டரம்மா சொன்னபோது, நான் ரிஜிஸ்டர் மேஜைக்குப் போய், யாரும் பார்க்காத மாதிரி மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

திட்டத்தை நிறுத்துகிற பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. பல்லாவரத்து டாக்டர் தானாகவே போன் பண்ணி அட்டை கேட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்தன. ரிஜிஸ்டரில் தாய்வீட்டு விலாசத்துக்கென்று புதிதாக ஒரு கட்டம் போட்டேன், ஒவ்வொரு வரியையும் முழுசாக எழுதினேன். விரல் வலித்தது, எழுதினேன். லட்சுமியின் மகள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் போய், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அடித்து, கணக்கில் தேறி, இங்கிலீஷில் கோட்டை விட்டு, எல்லாக் குழந்தைகளும் செய்கிற அத்தனையும் செய்தாள். செக்கப்புக்கு வரும்போதெல்லாம் என் மேஜையிலிருந்து பேனாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அவளுக்கென்றே இரண்டு பேனா கூடுதலாக வைத்திருப்பேன்.

ஆனால் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது அந்த முதல் மாத்திரை கொடுத்த மத்தியானம்தான். வெளியே மழை விட்டிருந்தது. குழந்தைக்கு மாத்திரை கொடுத்தாயிற்று என்று சொல்ல லேபுக்குப் போனேன். குதிகால் சார் ஈரச் சட்டையோடு பெஞ்சில் உடம்பைக் குறுக்கிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் என் துண்டை எடுத்து அவர் மேல் போர்த்திவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன். வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் வரைக்கும் யார் யாரோ வந்து கேட்டார்கள். டாக்டரம்மாவே ஒருதரம் வந்தார். சார் இன்றைக்கு லீவு என்று எல்லாரிடமும் சொல்லி அனுப்பினேன்.